லாசிக் பண்ணப் போறீங்களா? இஎம்ஐ கணக்குக்கு முன்னாடி கருவிழிக் கணக்கைப் பாருங்க



மார்ச், ஏப்ரல் வந்தாலே அப்ரைசல், போனஸ், டிடிஎஸ் பற்றித்தான் கேள்விகள் வரும். அதுக்கு நடுவுல சில வருஷமா இன்னொரு கேள்வியும் தவறாம வருது. "சார், லாசிக் பண்ணலாம்னு இருக்கேன். நோ காஸ்ட் இஎம்ஐ தர்றாங்க. மாசம் 7,500 ரூபாய்தான். எடுக்கலாமா?"

இந்தக் கேள்வியில விலை இருக்கு, தவணை இருக்கு, கண்ணைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை கூட இல்லை. போன் வாங்குற மாதிரி கேட்கிறோம். போன் சரியில்லைன்னா ஒரு வருஷத்துல மாத்திக்கலாம். லாசிக்ல கருவிழியிலிருந்து எடுக்கிற திசு எடுத்ததுதான், திரும்ப வளராது. அதனால இஎம்ஐ பற்றிக் கேட்கிறவங்ககிட்ட நான் முதல்ல கேட்கிறது, "உங்க கருவிழி எத்தனை மைக்ரான்?" பாதிப் பேருக்கு மேல அந்த வார்த்தையையே அப்பதான் கேள்விப்படுறாங்க. ஆனா தேதி குறிச்சிருப்பாங்க, லீவு போட்டிருப்பாங்க.

நான் சார்ட்டர்டு அக்கவுண்டன்ட், கண் டாக்டர் இல்லை. உங்களுக்கு எந்த முறை சரி என்று சொல்ற தகுதி எனக்குக் கிடையாது. ஆனா எந்தக் காசை எதுக்கு முதல்ல கொடுக்கணும், எந்தத் தாளை வாங்கி வெச்சுக்கணும், எங்க கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி நிற்கணும் என்பதெல்லாம் நம்ம வேலை. அதை இன்னைக்குப் பார்த்துடுவோம்.

முதல்ல ஒரு நேர்மையான கணக்கு

"கண்ணாடிக்குச் செலவு பண்ற காசு மிச்சம், அதனால இது ஒரு முதலீடு" என்று விளம்பரத்துல சொல்வாங்க. போட்டுப் பார்ப்போம்.

இரண்டு கண்ணுக்கும் சேர்த்து 82,000 ரூபாய் என்று வெச்சுக்கோங்க. ஊரையும் முறையையும் பொறுத்து இது 40,000-க்கும் கிடைக்கும், ஒன்றரை லட்சத்துக்கும் போகும். நீங்க இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை 5,000 ரூபாய்க்கு ஃப்ரேமும் லென்ஸும் மாத்துற ஆள் என்றால், வருஷத்துக்கு 2,500. அப்போ 82,000 ரூபாயைத் திரும்ப எடுக்க 33 வருஷம் ஆகும். 27 வயசுல பண்ணினா, கணக்கு சரியாகும்போது உங்களுக்கு 60.

அதே 82,000-ஐ 6.5 சதவீத எஃப்டியில போட்டா வருஷத்துக்கு 5,330 ரூபாய் வட்டி. அந்த வட்டியிலேயே வருஷா வருஷம் புதுக் கண்ணாடி போட்டுக்கலாம், அசலும் அப்படியே இருக்கும். போதாக்குறைக்கு 2025 செப்டம்பர் 22-லிருந்து பவர் கண்ணாடிக்கு ஜிஎஸ்டி 12-லிருந்து 5 சதவீதமாகக் குறைஞ்சிருக்கு.

கான்டாக்ட் லென்ஸ் போடுறவங்களுக்குக் கணக்கு வேற. லென்ஸும் சொல்யூஷனும் சேர்த்து மாசம் 1,000 ரூபாய் ஆகுதுன்னா, ஏழு வருஷத்துக்குள்ள லாசிக் செலவு ஈடாகிடும்.

இன்னொன்றையும் சேர்த்துக்கோங்க. 40 வயசைத் தாண்டினதும் எல்லாருக்கும் வெள்ளெழுத்து வரும். லாசிக் பண்ணினவங்களுக்கும் வரும். கண்ணுக்குள்ள இருக்கிற லென்ஸ் நெகிழ்வை இழக்கிறதால வர்றது அது. லாசிக் வேலை செய்றது வெளியே இருக்கிற கருவிழியில. அதனால 43 வயசுல மெனு கார்டு படிக்க ஒரு கண்ணாடி வாங்கத்தான் போறீங்க. சொல்லப்போனா, மைனஸ் 2, மைனஸ் 3 பவர் இருக்கிறவங்க அந்த வயசுல கண்ணாடியைக் கழட்டிட்டுப் படிச்சுடுவாங்க. லாசிக் பண்ணினா அந்தச் சின்ன வசதி போயிடும். இதைப் பணம் கட்டுறதுக்கு முன்னாடி யாராவது சொன்னாங்களா?

இதுக்காக வேண்டாம்னு நான் சொல்லலை. மழையில பைக் ஓட்டும்போது கண்ணாடி மங்காம இருக்கிறது, காலையில எழுந்ததும் கடிகாரம் தெரியறது, விளையாடும்போது பயம் இல்லாம இருக்கிறது, இதுக்கெல்லாம் ஒரு விலை கொடுக்கலாம். டூர் போறதுக்குக் கொடுக்கிறோமே, அது மாதிரி. ஆனா அதை முதலீடு என்ற பேர்ல எழுதாதீங்க. செலவுக் கணக்குல எழுதுங்க. செலவுன்னு தெரிஞ்சா, எமர்ஜென்சி ஃபண்டைத் தொட மாட்டீங்க, பெர்சனல் லோனும் எடுக்க மாட்டீங்க.

கருவிழியின் பேலன்ஸ் ஷீட்

இதுதான் இந்தக் கட்டுரையிலேயே முக்கியமான பகுதி. கொஞ்சம் பொறுமையாப் படிங்க.

கருவிழி என்பது கண்ணுக்கு முன்னாடி இருக்கிற தெளிவான ஜன்னல். அதன் நடுப்பகுதி சராசரியா 540 மைக்ரான், அதாவது அரை மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல. லாசிக்ல என்ன பண்றாங்கன்னா, மேல ஒரு மெல்லிய மடலை வெட்டித் திறந்து, உள்ளே எக்ஸைமர் லேசரால பவருக்குத் தகுந்த அளவு திசுவை ஆவியாக்கி, மடலைத் திரும்ப மூடிடுவாங்க. மடலை பிளேடால வெட்டினது பழைய முறை, ஃபெம்டோசெகண்ட் லேசரால வெட்டுறது புது முறை. வலி தெரியாம இருக்க சொட்டு மருந்துதான், ஊசி இல்லை. இரண்டு கண்ணுக்கும் சேர்த்து அரை மணி நேரத்துக்குள்ள முடிஞ்சிடும்.

இதை நம்ம பாஷையில எழுதுவோம். 540 மைக்ரான் என்பது உங்க அசல். மடலுக்கு சுமார் 110 போகும். அதுக்கப்புறம் ஒவ்வொரு பவருக்கும் தோராயமா 15 மைக்ரான் எடுக்கணும். மைனஸ் 4 என்றால் 60. ஆக மொத்தம் 170 போச்சு, மிச்சம் 370. நல்ல பேலன்ஸ். மொத்தத்துல 31 சதவீதம்தான் கை வெச்சிருக்கோம்.

இப்போ இன்னொருத்தர். கருவிழி 490 மைக்ரான், பவர் மைனஸ் 7. மடலுக்கு 110, பவருக்கு 105. மொத்தம் 215 போச்சு. மிச்சம் 275. சதவீதமாப் பார்த்தா 44.

மடலுக்குக் கீழே மிச்சம் இருக்கிற படுகை 250 மைக்ரானுக்குக் குறையக் கூடாது என்பது பொதுவான எல்லை. நிறைய டாக்டர்கள் 300 இருந்தாத்தான் நிம்மதியா இருப்பாங்க. மொத்தத் தடிமன்ல 40 சதவீதம் அல்லது அதுக்கு மேல கை வைக்க வேண்டி வந்தா அதுவும் எச்சரிக்கை மணி. நம்ம இரண்டாவது ஆள் 250-ஐத் தாண்டிட்டார், ஆனா மத்த இரண்டு இடத்துலயும் மாட்டிக்கிட்டார். விளம்பரத்துல போட்டிருக்கிற விலை இரண்டு பேருக்கும் ஒண்ணுதான். ரிஸ்க் ஒண்ணு இல்லை.

பேலன்ஸ் குறைஞ்சா என்ன ஆகும்? கண்ணுக்குள்ள எப்பவும் ஒரு அழுத்தம் இருக்கு. சுவர் மெலிஞ்சா, அந்த அழுத்தத்துல கருவிழி மெதுவா முன்னாடி பிதுங்க ஆரம்பிக்கும். எக்டேசியா என்று சொல்வாங்க. இது அபூர்வம்தான். ஆனா வந்தா, கண்ணாடி போட்டாலும் பார்வை தெளியாது. க்ராஸ்லிங்கிங் சிகிச்சை, கடினமான ஸ்பெஷல் லென்ஸ், ரொம்ப முத்தினா கருவிழி மாற்று அறுவை சிகிச்சை வரைக்கும் போகும். 82,000 மிச்சம் பிடிக்கப் போய் வாழ்நாள் செலவு.

சிலருக்கு லேசர் படாமலேயே கருவிழி பிதுங்குற தன்மை இருக்கும். கெரட்டோகோனஸ் என்று பேர். பெரும்பாலும் பதின் வயசுலயும் இருபதுகள்லயும் தலைகாட்டும். ஆரம்பத்துல எந்த அறிகுறியும் தெரியாது, சிலிண்டர் பவர் மட்டும் வருஷா வருஷம் ஏறிக்கிட்டே இருக்கும். கண்ணை அடிக்கடி கசக்குற பழக்கம் இருக்கிறவங்க, குடும்பத்துல யாருக்காவது இந்தப் பிரச்சினை இருக்கிறவங்க இதை டாக்டர்கிட்ட மறைக்காம சொல்லணும். கெரட்டோகோனஸ் இருக்கிற கண்ணுல லாசிக் பண்றது, விரிசல் விட்ட தூண்ல இன்னும் கொஞ்சம் செங்கல் உருவுற மாதிரி.

மடல் வேண்டாம்னா பிஆர்கே இருக்கு. இது லாசிக்கை விடப் பழைய முறை, அமெரிக்காவோட எஃப்டிஏ 1995-லயே அனுமதி கொடுத்தது. மேல்தோலை மட்டும் நீக்கிட்டு நேரா லேசர். அந்த 110 மைக்ரான் மிச்சமாகும், பதிலுக்கு நாலைஞ்சு நாள் நல்லா எரியும், பார்வை தெளிய வாரக்கணக்குல ஆகும். ஸ்மைல் என்று ஒரு முறை இருக்கு. சின்னத் துளை போட்டு உள்ளே இருந்து லென்ஸ் வடிவத்துல ஒரு துண்டை உருவி எடுப்பாங்க. விலை கூட. எது "லேட்டஸ்ட்" என்பதை வெச்சு முடிவு பண்ணாதீங்க. கபடி, பாக்ஸிங் மாதிரி முகத்துல அடி படுற விளையாட்டு ஆடுறவங்களுக்கு மடல் இல்லாத முறை நல்லதுன்னு டாக்டர் சொல்லலாம், ஏன்னா மடல் பழைய பலத்தோட முழுசா ஒட்டுறதில்லை. இப்படி உங்க கண்ணும் உங்க வாழ்க்கையும்தான் முறையை முடிவு பண்ணணும். ஆஃபர் முடிவு பண்ணக் கூடாது.

"முடியாது" என்று சொல்ற டெஸ்ட்டுக்குக் காசு கொடுங்க

இந்த மொத்த விஷயத்துலயும் உங்களுக்கு அதிகப் பலன் தர்ற செலவு, அறுவை சிகிச்சைக்கு முந்தைய பரிசோதனைச் செலவுதான். சில ஆயிரம் ரூபாய் ஆகும். கருவிழியோட தடிமன், முன்பக்கம் பின்பக்கம் இரண்டோட மேடு பள்ள வரைபடம், இருட்டுல கண்மணி எவ்வளவு விரியுது, கண்ணீர் போதுமான அளவு சுரக்குதா, சொட்டு மருந்து போட்டு விழித்திரையில ஓட்டையோ மெலிவோ இருக்கா, எல்லாம் பார்க்கணும். மைனஸ் பவர் அதிகம் இருக்கிறவங்களுக்குக் கண் நீளமா இருக்கும், அதனால விழித்திரை ஓரத்துல பலவீனம் இருக்க வாய்ப்பு அதிகம். லாசிக் அந்த நீளத்தைக் குறைக்காது. கண்ணாடி போனாலும் வருஷத்துக்கு ஒரு முறை விழித்திரைப் பரிசோதனை தொடரணும்.

சில இடங்கள்ல இந்த டெஸ்ட் இலவசம்னு கூப்பிடுவாங்க. என் அனுபவத்துல, இலவசமா ஆடிட் பண்ணித் தர்றேன்னு யாராவது சொன்னா நான் இரண்டு தடவை யோசிப்பேன். முழுப் பரிசோதனையையும் காசு கொடுத்துப் பண்ணிட்டு, ரிப்போர்ட்டைக் கையில வாங்கிட்டு, அன்னைக்கு எந்த முன்பணமும் கட்டாம வீட்டுக்கு வாங்க. "இன்னைக்கே புக் பண்ணினா 10,000 தள்ளுபடி" என்றால் புன்னகையோட கிளம்புங்க. சந்தேகம் இருந்தா அந்த ரிப்போர்ட்டை லாசிக் விற்காத இன்னொரு கருவிழி நிபுணர்கிட்ட காட்டுங்க. ஒரு கன்சல்டேஷன் ஃபீஸ்ல முடியற விஷயம்.

டெஸ்ட்டுக்குப் போறதுக்கு முன்னாடி கான்டாக்ட் லென்ஸைக் கழட்டணும். சாஃப்ட் லென்ஸ்னா ஒன்று இரண்டு வாரம், கடின லென்ஸ்னா மூணு நாலு வாரம். லென்ஸ் கருவிழியோட வடிவத்தை அழுத்தி மாத்தி வெச்சிருக்கும். நேத்து ராத்திரி வரைக்கும் லென்ஸ் போட்டுட்டு இன்னைக்குக் காலையில டெஸ்ட் பண்ணினா வர்ற எண்ணே தப்பு. தப்பான எண்ணை வெச்சுத்தான் லேசர் ஓடும். பேலன்ஸ் ஷீட்ல ஓப்பனிங் பேலன்ஸ் தப்புன்னா மீதி எல்லாமே தப்புதானே.

வயசு 18-க்குக் கீழே கூடாது, 21 தாண்டினா நல்லதுன்னு நிறைய டாக்டர்கள் சொல்வாங்க. அதைவிட முக்கியம், கடந்த ஒரு வருஷத்துல பவர் அரை பாயின்ட்டுக்கு மேல மாறியிருக்கக் கூடாது. கர்ப்பமா இருக்கிறவங்களும் குழந்தைக்குப் பால் கொடுக்கிறவங்களும் தள்ளிப் போடணும், ஹார்மோன் மாற்றத்துல பவர் நிலையா இருக்காது. கல்யாணத் தேதிக்கு மூணு வாரம் முன்னாடி பண்றதும் வேண்டாம். மை தீட்டக் கூடாது, கண்ணைத் தேய்க்கக் கூடாது, போட்டோ லைட்டைப் பார்த்தா கூசும்.

அரசு வேலைக்குப் படிக்கிறவங்க இங்க கொஞ்சம் நில்லுங்க. தனியார் வேலையில இருந்துக்கிட்டே ரயில்வேக்கு எழுதுறவங்க நம்ம வாசகர்கள்லயே நிறையப் பேர். அசிஸ்டென்ட் லோகோ பைலட் பதவிக்கு லாசிக் மாதிரி பவர் திருத்த அறுவை சிகிச்சை பண்ணினவங்க தகுதி பெற மாட்டாங்க என்று தேர்வு அறிவிப்பிலேயே போட்டிருப்பாங்க. கண்ணாடி போட்டிருக்கிறதால வேலை கிடைக்காதுன்னு நினைச்சு லாசிக் பண்ணிட்டு, அந்த லாசிக்கினாலேயே மெடிக்கல்ல நிற்கிறது எவ்வளவு கொடுமை. ராணுவம், விமானப் படை, போலீஸ், ஒவ்வொண்ணுக்கும் தனித்தனி விதி. நீங்க எழுதப் போற தேர்வோட மருத்துவத் தகுதிப் பக்கத்தைப் படிக்காம கண்ணை மேஜையில வைக்காதீங்க.

இன்ஷூரன்ஸ்: எல்லாம் 7.5-ல இருக்கு

"கம்பெனி இன்ஷூரன்ஸ்ல க்ளெய்ம் பண்ணிக்கலாமா?" இதுக்கு பதில் ஒரு எண்ணுல இருக்கு.

ஐஆர்டிஏஐ 2019-ல எல்லா ஹெல்த் பாலிசிக்கும் விலக்குகளை ஒரே வாசகமா மாத்தினாங்க. அதுல 15-வது குறியீடு, பார்வைக் குறைபாட்டுத் திருத்தம். பவர் 7.5-க்குக் குறைவா இருந்தா அதைச் சரி பண்ற செலவு கிடைக்காது. 7.5-உம் அதுக்கு மேலும் இருந்தா இந்த விலக்கு பொருந்தாது, பாலிசியோட மற்ற நிபந்தனைகளுக்கு உட்பட்டுக் கேட்கலாம்.

தனிநபர் பாலிசின்னா மற்ற நிபந்தனைகள் என்றால் முக்கியமா காத்திருப்புக் காலம். ஏற்கெனவே இருக்கிற பிரச்சினைக்கு 36 மாசம் வரைக்கும் காத்திருக்க வைக்கலாம். லாசிக்குக்காக இப்போ புதுசா பாலிசி எடுத்து அடுத்த மாசம் க்ளெய்ம் பண்ணலாம் என்ற யோசனையை விட்டுடுங்க. கம்பெனி க்ரூப் பாலிசியில பெரும்பாலும் காத்திருப்பு கிடையாது, அதுதான் அதோட பலமே. ஹெச்ஆர் கொடுக்கிற அழகான பிரெசன்டேஷனைப் பார்க்காதீங்க. பாலிசியோட பெனிஃபிட் டாக்குமென்ட்டைக் கேட்டு வாங்கி, அதுல இந்த வரியைத் தேடுங்க.

டிபிஏவுக்கு மெயில் அனுப்பி எழுத்துல பதில் வாங்க வேண்டிய கேள்விகள் சில இருக்கு. சிலிண்டர் பவரையும் சேர்த்துக் கணக்குப் பண்ணுவீங்களா? ஒரு கண் மைனஸ் 8, இன்னொரு கண் மைனஸ் 6.5 என்றால் இரண்டுக்கும் அனுமதி உண்டா, ஒண்ணுக்கு மட்டுமா? இந்த முறைக்கு உச்சவரம்பு ஏதாவது இருக்கா? கோ-பே எவ்வளவு? போன்ல "பண்ணிக்கலாம் சார்" என்று சொன்னது க்ளெய்ம் டேபிள்ல செல்லாது. முன் அனுமதிக் கடிதம் கையில வராம ஆபரேஷன் தேதி குறிக்காதீங்க. வேலையை விட்டா க்ரூப் பாலிசி கடைசி வேலை நாளோட முடிஞ்சிடும், அதனால நோட்டீஸ் பீரியட்ல இருக்கிறவங்க தேதியைக் கவனிங்க. ஆனா பாலிசி முடியப் போகுதேன்னு அவசரப்பட்டு டெஸ்ட்டைச் சுருக்கவும் வேண்டாம்.

இங்கதான் ஒரு முரண் இருக்கு. மேல பார்த்த கருவிழிக் கணக்கை ஞாபகம் வெச்சுக்கோங்க. மைனஸ் 8 என்றால் 120 மைக்ரான் எடுக்கணும். இன்ஷூரன்ஸ் பணம் கொடுக்கத் தயாரா இருக்கிற ஆளுக்குத்தான் கருவிழியில போதுமான பேலன்ஸ் இல்லாம போக வாய்ப்பு அதிகம். கருவிழியில பேலன்ஸ் தாராளமா இருக்கிற மைனஸ் 3 ஆளுக்கு இன்ஷூரன்ஸ் கிடையாது. "கம்பெனி காசுதானே" என்ற நினைப்பு அந்த மைனஸ் 8 ஆளை எங்க தள்ளும் என்று யோசிங்க. அவருக்கு டாக்டர் ஐசிஎல் என்று ஒண்ணு சொல்லலாம். கருவிழியைச் செதுக்காம, கண்ணுக்குள்ள இயற்கை லென்ஸுக்கு முன்னாடி ஒரு மெல்லிய லென்ஸை வைக்கிறது. லாசிக்கைவிட விலை கணிசமா அதிகம். பாலிசி அதை ஏற்குமா என்பதையும் அதே மெயில்ல கேட்டுடுங்க.

இன்னொண்ணு, வெளிப்படையாவே சொல்லிடறேன். பவர் 7.25 இருக்கும். "7.5-னு எழுதிக் கொடுக்கச் சொல்லலாமா சார்?" என்று கேட்பாங்க. கேட்டிருக்காங்க. அது மோசடி. க்ளெய்ம் நிராகரிக்கப்படும், ஹெச்ஆருக்குத் தெரியும், வேலைக்கே ஆபத்து வரும். எல்லாத்தையும் விட, உண்மையான எண்ணும் பொய்யான எண்ணும் ஒரே ஃபைல்ல இருக்கிற கண்ணுக்கு நாளைக்கு வேற டாக்டர் சிகிச்சை பண்ண வேண்டியிருக்கும்.

நோ காஸ்ட் இஎம்ஐயில காஸ்ட் எங்க இருக்கு

ஆஸ்பத்திரியில விலைப் பட்டியல் 90,000. மாசம் 7,500, 12 மாசம், வட்டி இல்லை. பிராசஸிங் ஃபீ 1,500, அதுக்கு 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்து 1,770. "ரொக்கமா கட்டினா என்ன விலை?" என்று கேளுங்க. 82,000 என்பாங்க. இது நான் போட்ட உதாரணம்தான், எண்கள் இடத்துக்கு இடம் மாறும். ஆனா கேள்வி ஒண்ணுதான்.

82,000 ரூபாய்ப் பொருளுக்கு நீங்க 91,770 கட்டுறீங்க. கூடுதல் 9,770. பார்த்தா 12 சதவீதம் மாதிரி தெரியும். ஆனா 82,000-உம் வருஷம் முழுக்க உங்க கையில இல்லை, மாசா மாசம் திருப்பிக் கட்டிக்கிட்டே வர்றீங்க. எக்ஸெல்ல போட்டுப் பார்த்தா ஆண்டு வட்டி சுமார் 22 சதவீதம் வருது. பூஜ்ய வட்டி என்ற ஒண்ணே கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2013-லயே வங்கிகளுக்குச் சொல்லிடுச்சு. வட்டி எங்கயோ ஒளிஞ்சிருக்கும், அவ்வளவுதான். தவணை தவறினா சிபில் ஸ்கோரும் அடி வாங்கும்.

இதுக்கு மாற்று ரொம்ப சுலபம். மாசம் 6,600 ரூபாய் ஆர்டி. 6.5 சதவீத வட்டியில 12 மாசத்துல ஏறக்குறைய 82,000 சேர்ந்துடும். மாசத்துக்கு 900 ரூபாய் குறைவு, கடன் இல்லை. ஒரு வருஷம் காத்திருக்கணுமேன்னு தோணுதா? டாக்டரும் அதே ஒரு வருஷத்தைத்தான் கேட்கிறார். ஆர்டி ஆரம்பிக்கிற அன்னைக்கு ஒரு தடவை பவர் டெஸ்ட் பண்ணி சீட்டை வெச்சுக்கோங்க. ஆர்டி முடியற அன்னைக்கு இன்னொரு தடவை. இரண்டும் ஒண்ணா இருந்தா பணமும் ரெடி, பவர் நிலையா இருக்கு என்பதுக்கு ஆதாரமும் ரெடி. மாறியிருந்தா அந்தப் பணம் ஆர்டியிலேயே பத்திரமா இருக்கட்டும்.

வரி பற்றி இரண்டே வரி. 80டி-யில கழிக்கக் கிடைக்கிறது இன்ஷூரன்ஸ் ப்ரீமியமும், அந்த வரம்புக்குள்ளேயே 5,000 வரைக்கும் முன்தடுப்புப் பரிசோதனையும்தான், அதுவும் பழைய வரி முறையில மட்டும். லாசிக் பில்லை அங்க போட முடியாது. முன்னாடி இருந்த 15,000 ரூபாய் மெடிக்கல் பில் விலக்கும் 2018-19-லயே போயிடுச்சு.

பேக்கேஜ் விலை பேசும்போது, அது ஒரு கண்ணுக்கா இரண்டுக்குமா, முதல் வருஷத்து செக்கப், சொட்டு மருந்து, தேவைப்பட்டா மறுபடி லேசர் பண்றது இதெல்லாம் உள்ளேயா வெளியேயா என்று எழுதி வாங்குங்க. "லைஃப்டைம் இலவச டச்-அப்" என்று சொன்னா சந்தோஷப்படறதுக்கு முன்னாடி யோசிங்க. கருவிழியில மிச்சம் இருந்தாத்தான் டச்-அப். அந்த ஆஃபர் செல்லுபடியாகணும்னா ஒவ்வொரு வருஷமும் அங்கயே செக்கப்புக்கு வரணும் மாதிரி நிபந்தனை இருக்கா என்றும் பாருங்க.

பண்ணின பிறகு

பெரும்பாலானவங்களுக்கு மறுநாளே பார்வை தெளிவா இருக்கும், சந்தோஷமா இருப்பாங்க. அமெரிக்காவுல எஃப்டிஏ, தேசியக் கண் ஆய்வு நிறுவனம், பாதுகாப்புத் துறை மூணும் சேர்ந்து நடத்தின ப்ரௌல் ஆய்வுலயும் 95 சதவீதத்துக்கு மேல திருப்தின்னு சொன்னாங்க. அதே ஆய்வோட இன்னொரு பக்கத்தையும் பாருங்க. முன்னாடி எந்தப் பார்வைத் தொந்தரவும் இல்லாதவங்கள்ல 46 சதவீதம் வரைக்கும், மூணாவது மாசத்துல ஒளிவட்டம், கூச்சம், இரட்டையாத் தெரியறது மாதிரி ஏதாவது ஒண்ணைச் சொன்னாங்க. முன்னாடி கண் வறட்சி இல்லாதவங்கள்ல 30 சதவீதம் வரைக்கும் வறட்சி வந்ததாச் சொன்னாங்க. அன்றாட வேலையே ரொம்பக் கஷ்டம் என்றவங்க 1 சதவீதத்துக்கும் கீழே. திருப்தியும் தொந்தரவும் ஒரே ஆளுகிட்டயே இருக்கலாம் என்பதுதான் இதோட அர்த்தம்.

நம்ம ஆளுங்களுக்கு இதுல கவனிக்க வேண்டியது வறட்சி. ஓஎம்ஆர்லயோ டைடல் பார்க்லயோ ஒன்பது மணி நேரம் ஏசிக்குக் கீழே திரையைப் பார்த்துட்டு இருக்கிறவங்க கண்ணைச் சிமிட்டுறதே குறைவு. லேசர் கருவிழியோட மெல்லிய நரம்புகளையும் வெட்டும், அது திரும்ப வளர மாசக்கணக்காகும். ஏற்கெனவே சாயங்காலம் ஆனா கண் எரியுதுன்னா, அதை முதல்ல குணப்படுத்திக்கிட்டு அப்புறம் லாசிக்கைப் பற்றிப் பேசுங்க. செயற்கைக் கண்ணீர் சொட்டு மருந்துக்கு சில மாசத்துக்கு பட்ஜெட்ல ஒரு வரி போடுங்க. ராத்திரி ஷிஃப்ட் முடிச்சு ஹைவேயில வண்டி ஓட்டுறவங்க ஒளிவட்டம் பற்றி டாக்டர்கிட்ட குறிப்பாகக் கேளுங்க. லீவு, லாசிக்குன்னா மூணு நாலு நாள், பிஆர்கேன்னா ஒரு வாரத்துக்கு மேல வெச்சுக்கோங்க. பைக்ல போகும்போது பவர் இல்லாத சாதாரணக் கண்ணாடியாவது போட்டுக்கோங்க, தூசி விழக் கூடாது.

கடைசியா ஒரு ஃபைல். ஆபரேஷனுக்கு முந்தைய பவர் சீட்டு, கருவிழி வரைபடம், தடிமன் அளவு, எத்தனை மைக்ரான் எடுத்தாங்க என்ற ஆபரேஷன் குறிப்பு, டிஸ்சார்ஜ் சம்மரி, எல்லாத்தையும் கேட்டு வாங்கி, ஸ்கேன் பண்ணி, ஒரிஜினலை எல்ஐசி பாண்ட் இருக்கிற பீரோவிலேயே வைங்க. 60 வயசுல கண்புரை வரும்போது உள்ளே வைக்கிற லென்ஸோட பவரைக் கருவிழியோட வளைவை வெச்சுத்தான் கணக்குப் பண்ணுவாங்க. லேசர் பட்ட கருவிழியில அந்தக் கணக்கு சாதாரண சூத்திரத்துல தப்பா வரும். பழைய எண்கள் இருந்தா டாக்டருக்குப் பெரிய உதவி. நீங்க இன்னைக்குப் போற ஆஸ்பத்திரி அப்போ இதே பேர்ல, இதே தெருவுல இருக்குமான்னு யாருக்கும் தெரியாது. வீட்ல இன்னொருத்தர்கிட்டயும் அந்த ஃபைல் எங்க இருக்குன்னு சொல்லி வெச்சுடுங்க.